பதினான்காவது ஊர்

மார்ச் 24, திங்கள்

மன்னித்துக்கொள் வாசுகி, மணி பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதினால் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். நானும் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 5ஆம் தேதி, அலுவலகத்தில் எனக்கு வளைகாப்பு நடந்த அன்று நீ கொடுத்த நோட்டு இது. "பாப்பா என்னென்ன செய்யறான்னு தினமும் எழுது. லீவு முடிஞ்சு வரும்போது எனக்குப் படிக்கக் கொடுக்கணும்" என்றாய். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததே இன்றுதான். கோபிக்காதே. பாப்பாவும் பெரியவளானதும் படிப்பாள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாகவே எழுதுகிறேன்.

உமையாளுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. எடை ஐந்து கிலோ முந்நூறு. போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர் போதும் என்கிறார். தூங்கும்போது மூச்சு ஓடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். அம்மா ஊரிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள். இவருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட்.

மதியம் உன் செய்தி வந்தது. "நம்ம பில் ஏப்ரல் 2 அறிமுகம்!!!" மூன்று ஆச்சரியக்குறி.

பாப்பாவுக்காக: உன் அம்மாவும் வாசுகி அத்தையும் சட்டமன்றப் பேரவைச் செயலகத்தில் சட்டமுன்வடிவுப் பிரிவில் வேலை பார்க்கிறோம். அந்த முன்வடிவு ஆலங்கரைப்பேட்டையை மாநகராட்சியாக்குவது. சுற்றியுள்ள பதினான்கு ஊர்கள் அதில் சேர்கின்றன. பதினான்காவது, உன் ஆச்சி பிறந்த நொச்சிமடை. டிசம்பர் கூட்டத்தொடரிலேயே வந்திருக்க வேண்டியது, தள்ளிப்போனது. அச்சு, ஒப்புப் பார்த்தல் எல்லாம் முடித்துக் கட்டி வைத்த கோப்பு. தேதியை மாற்றினால் போதும்.

அந்தக் கோப்பைத் திறந்தது நான். துறைக்கு மூன்று முறை திருப்பி அனுப்பிச் சரிசெய்ய வைத்தது நான். இப்போது "நம்ம பில்".

பதிலுக்கு ஒரு இதயப்படம் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

பாப்பா இரண்டு முறை கக்கினாள். பதினொரு துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 28, வெள்ளி

தடுப்பூசி போட்டு வந்தோம். தொடை வீங்கிக் காய்ச்சல். சொட்டு மருந்து கொடுத்தும் நாள் முழுக்க மடியை விட்டு இறங்கவில்லை.

நான்கு மணிக்கு உன் ஸ்டேட்டஸ் பார்த்தேன். நம் பிரிவில் உன் மேசை, கேன்டீனிலிருந்து வந்த நான்கு தேநீர் டம்ளர், மசால்வடை, ஓரத்தில் உன் கையும் நாற்காலி முதுகும். "செஷன் டைம், நோ ரெஸ்ட்" என்று எழுதியிருந்தாய். என் நைட்டியில் பால் ஊறிக் காய்ந்து இரண்டு வட்டம். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். நீ உட்கார்ந்திருந்தது என் நாற்காலி. முதுகில் நான் கட்டிவைத்த நீலத் துண்டு அப்படியே இருந்தது.

ஒப்புப் பார்ப்பது எப்படி என்று பாப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அச்சகத்திலிருந்து மெய்ப்பு, அதாவது புரூஃப், வந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருத்தி கையில் அசல். அவள் கால்புள்ளி, அரைப்புள்ளி உட்பட வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருத்தி கையில் மெய்ப்பு; அவள் அளவுகோலை வரி வரியாக இறக்கிக்கொண்டே பார்க்க வேண்டும். பக்கம் முடிந்ததும் படிக்கிறவள் "பக்கம் சரி" என்பாள். இருவரும் ஒப்புச் சீட்டில் சுருக்கொப்பம் இடுவார்கள். மூன்று வருடம் நான் படித்தேன், நீ பார்த்தாய். நம் பிரிவுக்குப் பொறுப்பான தணிகாசலம் சார் நம்மை "பாட்டு கோஷ்டி" என்பார்.

இப்போது உனக்கு யார் படிக்கிறார்கள்? கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டிவியில் பார்த்தேன்.

அம்மா பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி முடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அமைச்சர் எழுந்தார். "சட்டமுன்வடிவினை அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன்." பேரவைத் தலைவர், "ஆம் என்போர்..." மேசைகள் தட்டப்பட்டன. "இல்லை என்போர்..." சரியாக அந்த நொடியில் பாப்பா வீறிட்டு அழுதாள்.

"ஒம் மவ ஒருத்திதான் இல்லைங்கா" என்றாள் அம்மா.

"ஆம் என்போரே மிகுதி." அவ்வளவுதான். அடுத்த அலுவலுக்குப் போய்விட்டார்கள்.

"இம்புட்டுதானா? இவளுக்குப் பேரு வைக்கதுக்கே நமக்கு அரை நாளாச்சு. அம்புட்டுப் பெரிய ஊர அரை நிமிசத்துல முடிச்சிட்டாவளே."

"இன்னைக்கு அறிமுகம் மட்டுந்தாம்மா. இதுல யாரும் பேச மாட்டாவ. அடுத்த புதன்கிழமை ஆய்வுக்கு எடுப்பாவ. அன்னைக்குத்தான் ஒவ்வொரு பிரிவா ஓட்டுக்கு விட்டு, ஊர்ப் பேரு உள்ள அட்டவணையையும் விட்டு, நிறைவேத்துவாவ. பெறகு ஆளுநர் கையெழுத்து. பெறகு அரசிதழ். அதுக்கப்புறந்தான் சட்டம்."

"நடுவுல எதையாவது மாத்தணும்னா?"

"ஆய்வுக்கு முந்தின நாளுக்குள்ள திருத்தம் கொடுக்கணும். நிறைவேறிட்டா போச்சு. பெறகு அதைத் திருத்தத் தனியா ஒரு சட்டம் கொண்டுவரணும், அடுத்த கூட்டத்தொடர்ல."

சொல்லிக்கொண்டே நான் திரையில் தேடியது அலுவலர் மாடத்தை. இருந்தாய். கடுகு மஞ்சள் பருத்திப் புடவை, கஞ்சி போட்டு நிமிர்ந்த கொசுவம். குனிந்து ஒரு சீட்டை முன்வரிசைக்கு நீட்டினாய். துணைச் செயலாளர் மேடம் திரும்பி உன்னைப் பார்த்துத் தலையசைத்தார். என்னிடம் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அப்படித் தலையசைத்ததில்லை.

"அது உன்கூட வேலை பாக்க பிள்ளைதானே? நல்லாருக்காளே சேலையில" என்றாள் அம்மா.

நான் துணி அலசப் போனேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். நீ படிக்க அல்ல.

காலையில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருமுறை மேலிருந்து கீழாக, ஒருமுறை கீழிருந்து மேலாக.

"ஏட்டி கோமதி, இங்க வா. பதிமூணுதான் இருக்கு. நம்ம நொச்சிமடைய எங்க?"

"பேப்பர்க்காரன் விட்டிருப்பாம்மா."

"அவன் எதுக்கு விடுதான்? அவனுக்கும் எங்களுக்கும் என்ன வாய்க்காத் தகராறா?"

போனில் பேரவை இணையதளத்தைத் திறந்தேன். ஆறாம் பக்கம், அட்டவணை. பதின்மூன்றாவது ஊரோடு முற்றுப்புள்ளி. கீழே வெள்ளை.

எனக்கு உடனே புரிந்தது. துறையிலிருந்து வந்த அசலில் அட்டவணை ஆறாம் தாளில் முடியவில்லை. தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஒரே ஒரு வரி, "14. நொச்சிமடை." அசல் வந்த அன்றே திருப்பிப் பார்த்து, அம்மாவுக்குப் போன் போட்டு, உங்க ஊரு தனியா ஒரு பக்கத்துல உக்காந்திருக்கும்மா என்று சிரித்தவள் நான். அச்சகத்தில் தாளைத் திருப்பவில்லை. நடப்பதுதான். அதைப் பிடிப்பதற்குத்தான் ஒப்புப் பார்ப்பது. பார்க்கிற ஆள் பிடித்திருக்க வேண்டும்.

பார்க்கிற ஆள் நீ.

இது சின்ன விஷயம் இல்லை. நான்காம் பிரிவு அந்தச் சுற்றுவட்டாரத்து ஊராட்சிகள் எல்லாவற்றையும் கலைக்கிறது. அட்டவணையில் உள்ள ஊர்களை மாநகராட்சி எடுத்துக்கொள்ளும். நொச்சிமடைக்கு ஊராட்சியும் போய்விடும், மாநகராட்சியும் இருக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கு யார் ஆணை கொடுப்பது? சித்தி வீட்டுத் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது?

இதெல்லாம் தெரிந்தும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நெஞ்சுக்குள் ஏதோ இனிப்பாக இறங்கியது. கடுகு மஞ்சள் புடவை. தலையசைப்பு. இப்போது என்ன சொல்வார் மேடம் என்று தோன்றியது.

கோப்பு உன் பொறுப்பு. நான் விடுப்பில் இருக்கிறேன். நீயே பார்த்துக் கண்டுபிடி.

ஏப்ரல் 4, வெள்ளி

கிழிக்கவில்லை. கிழித்தால் பின்பக்கத்தில் பாப்பாவின் தடுப்பூசித் தேதிகள் போய்விடும். உனக்குப் போன் செய்யவும் இல்லை. பாப்பா இன்று குப்புற விழப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

நீ வந்தாய்.

சொல்லாமல் வந்து நின்றாய். நான் தலைகூட வாரியிருக்கவில்லை. பேப்பர் கட்டிலில் விரித்தபடி கிடந்தது. அதை இழுத்துப் பாப்பாவின் ரப்பர் விரிப்புக்கு அடியில் தள்ளினேன்.

"ஏய், என்னடி இப்படி இளைச்சிட்ட? சாப்பிடறியா இல்லையா? அம்மா, இவளுக்குச் சோறு போடறீங்களா, இல்ல டிவிதான் போடறீங்களா?"

"சோறு போட்டா டிவி பாக்கா. டிவி போட்டா சோத்தப் பாக்கா. நீ உக்காரு தாயி."

செருப்பைக் கழற்றியதும் நேரே கைகழுவப் போனாய். சோப்பு போட்டு, முழங்கை வரை. திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டினாய். பாப்பாவைக் கொடுத்தேன். தலை நிற்காது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சரியாகப் பிடித்துக்கொண்டாய். அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றாய். எனக்கு அதிலும் எரிச்சல் வந்தது. என்னிடம் அழுகிறவள் உன் தோளில் ஒட்டிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாயில் வைத்துச் சப்பினாள். அந்த அட்டை. என்னுடையது அலமாரியில், குழந்தைப் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது.

"பிரிவு அலுவலர் புரமோஷன் பட்டியல் தயாராகுதாம்" என்றாய். "நம்ம ரெண்டு பேரும் இருக்கோம். மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க, இந்த பில்ல நல்லா கொண்டுபோனீங்கன்னு. நான் சொன்னேன், பாதி கோமதியோடதுன்னு."

பாதி!

"உனக்கென்ன வாசுகி, கையும் காலும் ஃப்ரீ. ஓடலாம்" என்றேன்.

"மாத்திக்கலாமா? ஒரே ஒரு நாள். நீ போய் மாடத்துல உக்காரு. நான் இங்க இருக்கேன்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு நீயாகவே சொன்னாய். "நேத்து ஒப்புச் சீட்ட எடுத்துப் பாத்தேன். ஆறாம் பக்கத்துல உன் சுருக்கொப்பம், அப்படியே வளையல் பட்டு இங்க் இழுத்திருக்கு. சிரிச்சிட்டேன். அந்தப் பக்கம் மட்டும் நாம சேந்து பாக்கல இல்ல? நீ பாத்துட்டேன்னு சொன்ன, நான் போட்டேன். திரும்ப ஒப்புப் பாக்கலாமான்னு தணிகாசலம் சார் கேட்டாரு. எதுக்கு சார், மூணு வருஷத்துல கோமதி சரின்னு சொல்லித் தப்பாப் போனதே இல்லைன்னுட்டேன்."

அம்மா தேநீரோடு வந்தவள், "ஆமா தாயி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், அந்த ஊர்ப் பேரு..." என்று தொடங்கினாள்.

"அம்மா, பாப்பா ஈரம் பண்ணிட்டா பாரு" என்றேன்.

பண்ணவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெறும் சீட்டு அது. எத்தனையோ சீட்டுகள். பார்க்கிறவளுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று கையேட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தேட வேண்டும்.

இவர் இன்று வீட்டில். "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். பாப்பாவின் எடை என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கையேட்டில் அப்படி இல்லை. அசல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தாள்களை எண்ணித் திருப்ப வேண்டும் என்று இருக்கிறது. அசல் படிக்கிறவள் கையில்தான் இருக்கும். பாப்பா, நீ படிக்கும்போது உன் அம்மா இதைத் தேடிக் கண்டுபிடித்தாள் என்று நினைக்காதே. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்.

டிசம்பர் 5ஐ ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ஐந்து பக்கம் முடித்திருந்தோம். பக்கத்துப் பிரிவு மஞ்சுளா மேடம் வந்து, எல்லாரும் ஓய்வறைக்கு வாங்க, வளையல் போடணும் என்று கூப்பிட்டார். நீயும் எழுந்தாய். அப்போது அவர் சொன்னார், "முதல்ல பிள்ள பெத்தவங்க போடட்டும்ப்பா, மத்தவங்க அப்புறம்." சாதாரணமாகத்தான் சொன்னார். நீ, "நீங்க போங்க, எனக்குப் புரூஃப் இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. உனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், செவ்வாய்க்கிழமைகளில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் வாசுகி வரவில்லை, அவளுக்கு வேலைதான் பெரிது என்று இத்தனை நாள் மனதில் வைத்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து முழங்கை வரை வளையலும் கன்னத்தில் சந்தனமுமாகத் திரும்பினேன். நீ ஆறாம் பக்கத்தின் முதல் வரியில் அளவுகோலை வைத்துக் காத்திருந்தாய். "வா, ஒரு பக்கந்தான்." கீழே இவர் ஆட்டோவோடு நின்றிருந்தார். உன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார என்னால் முடியவில்லை. நின்றபடியே சீட்டில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். "காலையிலயே நான் தனியாப் பாத்துட்டேன், போடு" என்றேன்.

பார்க்கவில்லை. அசல் வந்த அன்று பின்பக்கத்தைப் பார்த்திருந்தேனே, அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

நீ என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். மேசை இழுப்பறையிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாய்.

இன்று மதியம் நொச்சிமடையிலிருந்து சித்தி போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"யக்கா, வேன் பிடிச்சு கலெக்டராபீஸ் போறோம். அவுக மனு வாங்குவாவளாம், ஆனா இது மெட்ராஸ்ல முடிவாவுறதாம். ஒம் மவ அங்கதான இருக்கா? அவகிட்டக் கேளு. நாங்க யாரு ஊரு?"

அம்மா போனை வைத்துவிட்டுக் கேட்டாள். "உன் கூட்டாளிட்டச் சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"பாக்கேன்னா."

அம்மாவிடம் பொய் சொல்லும்போது கழுத்து சிவந்துவிடும் எனக்கு. அவள் கழுத்தைத்தான் பார்த்தாள். நாளை சாயங்காலத்துக்குள் திருத்தம் போகவில்லை என்றால் புதன்கிழமை எல்லாம் முடிந்துவிடும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை பத்து மணியிலிருந்து உனக்குப் பதினேழு முறை போன் செய்தேன். அவை நடக்கும் நேரத்தில் போனை மேசை இழுப்பறையில் பூட்டிவிடுவோம் என்பது எனக்குத் தெரியாதா? எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் செய்துகொண்டிருந்தேனோ என்னவோ. பிரிவின் தொலைபேசிக்குச் செய்திருக்கலாம். தணிகாசலம் சார் எடுப்பார். அதற்குத் தைரியமில்லை.

பன்னிரண்டரைக்கு அம்மா, பாப்பாவுக்குத் தொப்பி மாட்டிவிட்டு, தானும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க?"

"உன் ஆபீசுக்குத்தான். நீ வரலன்னா நான் போயிக் கேக்கேன். எனக்கு வாயிருக்கு."

கோட்டை வாசலில் பெண் காவலர் என் அட்டையைப் பார்த்தார். பவுடர் படிந்திருந்தது. "மேடம், குழந்தைக்குப் பாஸ்?" என்று சிரித்தார். அம்மா, "அவ அன்னைக்கே சட்டசபையில இல்லைன்னு ஓட்டுப் போட்டவ. விடுங்க" என்றாள்.

அம்மாவையும் பாப்பாவையும் நடைவழி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். நீ என் நாற்காலியில் இல்லை. உன் பழைய நாற்காலியில்தான் இருந்தாய். என்னுடையதில் கோப்புகள் அடுக்கியிருந்தன, நீலத் துண்டோடு. அன்றைக்குப் படம் எடுக்கத்தான் அதில் உட்கார்ந்திருக்கிறாய். அதை வைத்து நான் பத்து நாள் வெந்திருக்கிறேன்.

"ஏய்! என்னடி, பாப்பாவக் காட்ட வந்தியா?" என்று எழுந்தாய்.

"சார், அட்டவணையில ஒரு ஊர் விட்டுப்போச்சு" என்றேன். உன்னைப் பார்க்காமல் தணிகாசலம் சாரைப் பார்த்துத்தான் சொன்னேன். "அசல்ல ஆறாவது தாளுக்குப் பின்னால இருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். நீ அலமாரியிலிருந்து கோப்புக் கட்டை எடுத்து, நாடாவை அவிழ்த்து, ஆறாவது தாளைத் திருப்பினாய். ஒரே ஒரு வரி. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "நீ பாத்தேன்னு சொன்னியே?"

"பாக்கல."

"எப்ப தெரியும்?"

பொய் சொல்ல வசதியாக எத்தனையோ நாட்கள் இருந்தன. இன்று காலை என்றிருக்கலாம். "வியாழக்கிழமை" என்றேன்.

"நான் சனிக்கிழமை வந்தேன்" என்றாய்.

சார் போன்களில் இறங்கிவிட்டார். துறைக்கு, சட்டத்துறைக்கு, அமைச்சர் அலுவலகத்துக்கு. மூன்று மணிக்கு அரசுத் திருத்தத்தின் வரைவு வந்தது; ஒரே பத்தி. நேரமில்லாததால் பேரவைத் தலைவரின் அனுமதிக்குத் தனிக்குறிப்பு. ஒப்புப் பார்க்க மற்றவர்கள் எல்லாரும் அவைப் பணியில் இருந்தார்கள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் சார். விடுப்பில் இருப்பவள் உட்காரக் கூடாது. யாரும் அதைச் சொல்லவில்லை.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அசல் என் கையில். படித்தேன். "பதின்மூன்றாம் இனத்துக்குப் பின்பு, கால்புள்ளி, பின்வரும் இனம் சேர்க்கப்பட வேண்டும், முக்காற்புள்ளி..." இரண்டு இடத்தில் புள்ளியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உன் அளவுகோல் நகரவே இல்லை. நான் திரும்பப் படித்த பிறகுதான் நகர்ந்தது. முடிந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் வெறுமையாக இருப்பதை உனக்குக் காட்டினேன். "பக்கம் சரி." நீ கையெழுத்துப் போட்டாய். நடைவழியில் பாப்பா பசித்து அழும் சத்தம் கேட்டது.

"போ, அழுவுது" என்றாய். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 9, புதன்

நிறைவேறியது.

பிரிவு 2 முதல் 17 வரை. ஆம் என்போர், இல்லை என்போர். பிறகு பேரவைத் தலைவர், "அட்டவணைக்கு ஓர் அரசுத் திருத்தம் உள்ளது." அமைச்சர் எழுந்து படித்தார். நாம் ஒப்புப் பார்த்த அதே பத்தி. "14. நொச்சிமடை." பன்னிரண்டு விநாடிகூட இருக்காது. அம்மா பாப்பாவின் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தாள். உடனே சித்திக்குப் போன். "ஏ புள்ள, நம்ம பேரச் சொல்லிட்டாவ. மந்திரி வாயால சொல்லிட்டாவ."

நான் அலுவலர் மாடத்தைப் பார்த்தேன். நீ இல்லை. உன் இடத்தில் யாரோ ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடம் காலியாக வேண்டும் என்று ஒரு வாரமாக விரும்பியவள் நான்தான். டிவியை அணைத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தணிகாசலம் சார் போன் செய்தார். உன்னிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. கடைசி நேரத்தில் கோப்பை வைத்திருந்தவர், அசலை மீண்டும் சரிபார்க்கத் தவறியவர் நீ. விளக்கம் ஏற்கப்படும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயர் நிறுத்திவைப்பு.

"எனக்கு சார்?"

"உங்களுக்கு வரலம்மா. லீவுல இருக்கீங்க, கைக்குழந்தைக்காரி. வாசுகியே சொல்லிடுச்சு, கோமதிதான் வந்து சொன்னா, அதனாலதான் தப்பிச்சோம்னு எழுதுங்க சார்னு. நீங்க சும்மா இருங்க."

வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதை நீ யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லியிருந்தால் உன் மேல் கோபப்படவாவது செய்திருப்பேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்துவிட்டு நான்காவது. டிசம்பர் 5 அன்று ஆறாம் பக்கத்தை ஒப்புப் பார்க்காமலேயே பார்த்ததாகச் சொன்னது நான். திருமதி வாசுகி என் சொல்லை நம்பியே சுருக்கொப்பமிட்டார். பிழை ஏப்ரல் 3 அன்றே தெரிந்தும் ஐந்து நாள் தெரிவிக்காமல் இருந்தேன்.

இவர் படித்துவிட்டு, "கடைசி வரி எதுக்கு? அத யாரும் கேக்கலல்லா? பிள்ளைய வச்சுக்கிட்டு உனக்கு நீயே வெட்டிக்கிடுதியே" என்றார்.

அம்மா பாப்பாவுக்கு மை இட்டுக்கொண்டே, "இருக்கட்டும் மாப்ள. அந்த வரிதான் கடுதாசி" என்றாள்.

இவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். முத்திரை போட்ட நகல் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

வாசுகி,

பாப்பா இன்று முழுதாகக் குப்புற விழுந்துவிட்டாள். தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரிடம் முதலில் சொல்வது என்று போனை எடுத்தேன். நான் அழைத்த பெயர்களில் உன்னுடையதுதான் மேலே இருந்தது, பதினேழு முறை. கீழே வைத்துவிட்டேன்.

இந்த நோட்டை இவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ கேட்டபடி பாப்பா என்னென்ன செய்தாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் அம்மா என்னென்ன செய்தாள் என்பதும் இருக்கிறது. கிழிக்கிறேன் என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை.

உன் புடவையைப் பார்த்து, வடையைப் பார்த்து, தலையசைப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அன்றைக்கு என் மகளின் தலையில் மூக்கை வைத்துக்கொண்டு நீ நின்றபோது உனக்கு என்ன இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். நீ அதை வைத்து என்னை ஒன்றும் செய்யவில்லை.

உன் பெயரைப் பட்டியலில் மறுபடி சேர்க்கிறார்களா, எனக்குக் குறிப்பாணை வருகிறதா, தெரியாது. அதெல்லாம் வருகிறபடி வரட்டும். ஜூன் மாதம் முன்கூட்டியே வேலையில் சேர எழுதிக் கேட்கப்போகிறேன். எதிரே உட்கார்ந்து பார்க்க நீ சம்மதிக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கடைசிப் பத்துப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதி இவர் கையிலேயே கொடுத்தனுப்பு. சீக்கிரம் பதில் எழுது, வாசுகி.

கோமதி